பகலில் பனிமலை, ராத்திரிக்கு ரசம் சாதம்!

ஸ்விட்ஸர்லாந்து என்றதும் நமக்கு முதலில் ஞாபகம் வருவது சினிமாதான். கதாநாயகன் கோட்டும் மஃப்ளருமாக இருப்பான். கதாநாயகி மட்டும் மெல்லிய ஷிஃபான் புடவையில் பனியில் ஓடுவாள்! 'பாவம், இந்தப் பெண்ணுக்கு ஜன்னி வராதோ' என்று நம்மில் எத்தனை பேர் கவலைப்பட்டிருப்போம்!

அப்புறம் ஞாபகம் வருவது டூர் கம்பெனிகளின் விளம்பரம். ஒன்பது நாளில் ஐந்து தேசம், தினம் ஒரு ஓட்டல். காலை ஆறு மணிக்குப் பெட்டியைக் கட்டு, ராத்திரி பத்து மணிக்கு அவிழ்... வீட்டில் செய்கிற வேலை போதாதென்று வெளிநாட்டிலும் போய்ப் பெட்டி கட்டுவானேன்? வயதானவர்களையும் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு அப்படி ஓடுவது உடம்புக்கும் ஆகாது, மனசுக்கும் ஆகாது.

அதைவிடச் சௌகரியமான வழி ஒன்று உண்டு, சகோதரிகளே! ஒரே ஊரில் தங்க வேண்டியது. காலையில் டிபன் டப்பாவோடு ரயில் ஏற வேண்டியது. மலையோ ஏரியோ பார்த்துவிட்டு, விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீடு திரும்பி, ரசம் வைத்துச் சாப்பிட்டுப் படுக்க வேண்டியது. முடியாத நாளில் போகாமல் இருந்துவிடலாம், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். ஸ்விட்ஸர்லாந்தைப் போல இதற்குத் தோதான நாடு வேறு இருக்குமா என்பது சந்தேகம்தான்.

காரணம், அது சின்ன நாடு. நம் தமிழ்நாட்டில் மூன்றில் ஒரு பங்குதான் இருக்கும். 2023 ஜூன் மாதம் நாங்கள் மூன்று வாரம் தங்கியது தலைநகரமான பெர்னில், என் கொழுந்தனார் வீட்டில். பெர்னிலிருந்து ஸூரிச் ஒரு மணிக்கும் குறைவு. லூசெர்ன் சுமார் ஒரு மணி. மலைகளுக்கு வாசற்படி போல இருக்கிற இன்டர்லாக்கனும் ஒரு மணிக்குள்தான். கோயம்புத்தூரில் எங்கள் வீட்டிலிருந்து கல்யாண மண்டபத்துக்குப் போய்ச் சேருகிற நேரம்!

நாங்கள் யார் யார் என்று சொல்லிவிடுகிறேன். நான், இவர், பத்து வயசுப் பெண், 71 வயசான என் மாமியார். அத்தைக்கு முழங்கால் வலி. இரண்டு வருஷம் முன்னால் இருதயத்தில் ஸ்டென்ட் வைத்தது. ஆகவே ஒவ்வொரு நாளும் 'அத்தைக்கு முடியுமா?' என்ற கேள்விக்குப் பதில் கண்டுபிடித்துவிட்டுத்தான் கிளம்புவோம்.

முதலில் ரயிலைப் பற்றி. அங்கே 1982 மே மாதத்தில் ஒரு புது ஏற்பாடு கொண்டு வந்தார்கள். ஓர் ஊருக்கு 8.04க்கு வண்டி என்றால், 9.04, 10.04, 11.04 என்று ராத்திரி வரை அதே நிமிஷத்தில் வண்டி. இப்போது பல வழிகளில் அரை மணிக்கு ஒன்று. அது மட்டுமில்லை. பெர்ன், ஸூரிச் மாதிரிப் பெரிய ஸ்டேஷன்களில் பல திசை வண்டிகளும் மணி அடிப்பதற்குச் சற்று முன்னால் வந்து சேரும். மணி அடித்துச் சில நிமிஷங்களில் ஒவ்வொன்றாகப் புறப்படும். இறங்கி, பிளாட்பாரம் மாறி, அடுத்ததில் ஏறிவிடலாம். சாதம், குழம்பு, பொரியல் மூன்றையும் சூடு ஆறாமல் ஒரே நேரத்தில் இறக்குகிற சாமர்த்தியம் மாதிரிதான் இது! இதைச் சாதிப்பதற்காகவே 1987ல் மக்களிடம் ஓட்டு வாங்கிப் புதுத் தண்டவாளங்கள் போட்டார்கள். பெர்ன்-ஸூரிச் பிரயாணம் ஒரு மணிக்குள் அடங்கியது 2004 டிசம்பரிலிருந்துதான்.

ஸ்டேஷன் கடிகாரத்தைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். ஹான்ஸ் ஹில்ஃபிகர் என்ற ரயில்வே எஞ்சினியர் 1944ல் வடிவமைத்தது. சிவப்பு விநாடி முள் பின்னால் சேர்ந்தது. அந்த முள் சுற்றி வந்து பன்னிரண்டில் ஒரு கணம் நின்று, பெரிய முள் ஒரு நிமிஷம் தாண்டிக் குதித்ததும் மறுபடி ஓடும். எங்கள் பெண் இதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். கையைப் பிடித்து இழுத்துத்தான் வண்டியில் ஏற்ற வேண்டும்.

டிக்கெட் விலை நம் கணக்கில் கொள்ளைதான். அதை மறைப்பதற்கில்லை. வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரு மாதத்துக்கு 'ஹாஃப் ஃபேர் கார்டு' கிடைக்கிறது; அதை வாங்கிவிட்டால் ரயில், படகு, மலை ரயில் பெரும்பாலானவற்றில் பாதி விலை. தினமும் சுற்றுகிறவர்களுக்கு 'ஸ்விஸ் டிராவல் பாஸ்'. எங்களைப் போல ஒரு நாள் போய் ஒரு நாள் காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காருகிறவர்களுக்குப் பாதி விலைக் கார்டே லாபம். ஆறு வயசுக்குள் குழந்தைகளுக்கு டிக்கெட் இல்லை. பதினாறு வயசுக்குள் பிள்ளைகளுக்கு, அப்பா அம்மாவிடம் இந்தக் கார்டோ பாஸோ இருந்தால், 'ஃபேமிலி கார்டு' என்று ஒன்று இலவசமாகத் தருகிறார்கள். கூட வரும்போது டிக்கெட் வேண்டாம். கேட்டு வாங்குங்கள், கேட்காமல் தர மாட்டார்கள். வேடிக்கை, அங்கே பெரிய நாய்க்கு டிக்கெட் உண்டு! அரை டிக்கெட். அதுவும் சமர்த்தாகக் காலடியில் படுத்து வருகிறது. ஸ்டேஷனில் கேட், தடுப்பு எதுவும் கிடையாது. 'பார்க்க மாட்டார்கள்' என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். வண்டியில் பரிசோதகர் வருவார். டிக்கெட் இல்லையென்றால் அபராதம் பலமாக இருக்கும்.

கைக்குழந்தைக்காரர்கள் கவனிக்க: பெரிய ஊர்களுக்கு இடையே ஓடும் மாடி ரயில்களில் 'குடும்பப் பெட்டி' ஒன்று இருக்கிறது. மேல்மாடியில் சறுக்குமரம் வைத்த விளையாட்டு இடம். குழந்தை அங்கே ஆடிக்கொண்டிருக்க நீங்கள் ஜன்னலில் ஏரியைப் பார்க்கலாம். தெருவிலுள்ள நீரூற்றுத் தொட்டிகளில் வரும் தண்ணீர் பொதுவாகக் குடிக்கிற தண்ணீர்தான். ஆகாததாயிருந்தால் பலகை வைத்திருப்பார்கள். காலி பாட்டில் ஒன்று போதும். பெரிய ஸ்டேஷன்களில் கழிப்பறைக்குக் காசு, வண்டியில் இலவசம். ஆகவே இறங்குவதற்கு முன்பே குழந்தைகளை அழைத்துப் போய் வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் அடைப்பு, பெரிய ஸ்டேஷன் கடைகள் மட்டும் திறந்திருக்கும். தயிர் தீர்ந்துவிட்டால் ஸ்டேஷனுக்கு ஓட வேண்டியதுதான்! வண்டியில் உட்கார்ந்து சாப்பிட யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சப்பாத்தி, புளிசாதம், எலுமிச்சை சாதம் கொண்டு போனோம். கருவாட்டுக் குழம்பு மட்டும் வேண்டாம். மூடின பெட்டி, பக்கத்து ஸீட்டுக்காரர் பாவம்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நம்மவர்கள் ஸ்விட்ஸர்லாந்து போனால் விடாமல் பார்ப்பது யுங்ஃபிராயோக். ஐரோப்பாவிலேயே மிக உயரத்தில் உள்ள ரயில் நிலையம், 3,454 மீட்டர். அடோல்ஃப் குயர்-ஸெல்லர் என்ற தொழிலதிபர் திட்டம் போட, 1896ல் வேலை ஆரம்பித்து, ஐகர் மலையின் வயிற்றைக் குடைந்து குடைந்து 1912ல் முடித்தார்கள். திட்டம் போட்டவர் அதைப் பார்க்கவில்லை, 1899லேயே காலமாகிவிட்டார். மொத்தம் ஒன்பது கிலோமீட்டர் பாதையில் ஏழு கிலோமீட்டர் சுரங்கம்தான். மேலே போனால் வருஷம் முழுக்கப் பனி. நம்ம ஊர்க்காரர்களுக்காக 'பாலிவுட்' என்று பெயர் வைத்த ரெஸ்டாரன்ட்கூட இருக்கிறது!

ஆனால் உயரத்தைக் கவனியுங்கள். நம் ஊட்டி 2,240 மீட்டர். தொட்டபெட்டா சிகரம் 2,637. யுங்ஃபிராயோக் அதற்கும் எண்ணூறு மீட்டர் மேலே! அங்கே காற்றழுத்தம் சமவெளியைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. இழுக்கிற ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவு குறைந்துபோகிறது. திடகாத்திரமானவர்களுக்கே நாலு படி ஏறினால் மூச்சு வாங்கும். தலைவலி, தலைசுற்றல், குமட்டல் வரலாம். நடந்து ஏறினால் உடம்பு பழகிக்கொள்ள நாள் இருக்கும். ரயிலிலோ இரண்டு மணி நேரத்தில் மேலே கொண்டுபோய் வைத்துவிடுகிறார்கள். இருதயம், நுரையீரல் கோளாறு உள்ளவர்கள், ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்கள், கர்ப்பிணிகள் எல்லோரும் டாக்டரைக் கேட்காமல் ஏறக் கூடாது. கைக்குழந்தையையும் அப்படித்தான், தலை வலிக்கிறது என்று அதற்குச் சொல்லத் தெரியுமா? மலை ரயிலில் ஏறும்போது குழந்தையின் காது அடைக்கும். தாய்ப்பாலோ பாட்டில் பாலோ கொடுத்தால் விழுங்க விழுங்கச் சரியாகும். பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மிட்டாய்.

அத்தையின் டாக்டர் கிளம்பும்போதே சொல்லியிருந்தார்: "ஊட்டி உயரம் வரைக்கும் போங்கம்மா. அதுக்கு மேல வேண்டாம்." இது அத்தையின் உடம்பைப் பார்த்துச் சொன்னது. உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

போன நாள் நல்ல வெயில். இன்டர்லாக்கனிலிருந்து கிளம்பும் வண்டி நடுவழியில் ஸ்வைலூட்ஷினென் என்ற ஸ்டேஷனில் இரண்டாகப் பிரிந்து, ஒரு பாதி லவுட்டர்ப்ருன்னனுக்கும் மறு பாதி க்ரிண்டல்வால்டுக்கும் போகும். ஏறும்போதே பெட்டியில் எழுதியிருப்பதைப் பாருங்கள். லவுட்டர்ப்ருன்னனில் மாறி, கார்களே ஓடாத வெங்கென் கிராமத்தைத் தாண்டி, க்ளைன ஷைடெக் என்ற இடத்தில் இறங்கினோம். 2,061 மீட்டர். அதாவது ஊட்டியைவிடக் கொஞ்சம் தாழ்வுதான். இங்கிருந்துதான் மேலே போகிற சுரங்க ரயில்.

அங்கே பிளாட்பாரத்தில் ஒரு சின்ன விவாதம். கொழுந்தனாருக்கு மனசு கேட்கவில்லை. "இவ்வளவு தூரம் வந்துட்டு மேலே பாக்காமப் போறதாம்மா? ரெண்டு மணி நேரம் இருந்துட்டு இறங்கிடலாம். டாக்டர்னா அப்படித்தான் சொல்வாங்க" என்றார். இவரும், "வாழ்க்கையிலே ஒரு தடவைதானே" என்று இழுத்தார். எனக்குப் பகீரென்றது. மகன்கள் இரண்டு பேரும் ஆசையோடு சொல்லும்போது மருமகள் நான் 'வேண்டாம்' என்றால் நன்றாக இருக்குமா? இருந்தாலும், "அத்தை என்ன நினைக்கிறாங்கன்னு கேளுங்களேன்" என்றேன்.

அத்தை சுற்றுமுற்றும் பார்த்தார்கள். தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், நிழல் சரிவில், கரையாமல் ஒரு திட்டுப் பனி கிடந்தது. "எனக்குப் பனியைத்தான் பாக்கோணும் கண்ணு, ஒசரத்தையில்ல. அதுதான் இங்கியே கெடக்குதே! நீங்க போய்ட்டு வாங்க" என்றார்கள். அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

இவரும் கொழுந்தனாரும் பெண்ணும் மேலே போனார்கள். நான் அத்தையோடு இருந்துகொண்டேன். டிக்கெட் இருநூறு பிராங்குக்கு மேல் விற்கிற இடம். பாதி விலையில்கூட மிச்சப்பட்டது கணிசம் என்பதையும் சொல்ல வேண்டும்!

நாலு மணி நேரம். எதிரே ஐகர் மலையின் வடக்கு முகம் சுவர் மாதிரி நிற்கிறது. எத்தனையோ பேரைப் பலி வாங்கிய பின் 1938ல்தான் அதில் முதல் தடவையாக நாலு பேர் ஏறி முடித்தார்களாம். நாங்கள் வெயிலில் பெஞ்சில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிட்டோம். லவுட்டர்ப்ருன்னன் பக்கமிருந்து ஒரு வண்டி, க்ரிண்டல்வால்டு பக்கமிருந்து ஒரு வண்டி என்று வந்துகொண்டே இருந்தன. சாப்பிட்ட பிறகு அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்து அந்தப் பனித் திட்டுக்கு வந்தார்கள். ஒரு பிடி அள்ளி, முகர்ந்து பார்த்து, "வாசனையே இல்லை" என்று சிரித்தார்கள்.

அப்போது சொன்னார்கள்: "நான் பொறந்தது மேட்டுப்பாளையத்துல. ஊட்டி ரயிலு தெனமும் எங்க வீட்டைத் தாண்டித்தான் போகும். கூவுற சத்தத்துல எந்திரிப்போம். ஒரு நாள் ஏறினதில்லை கண்ணு." இருபது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், இது எனக்குத் தெரியாது.

சாயங்காலம் மூவரும் இறங்கி வந்தார்கள். பெண்ணுக்கு மேலே லேசாகத் தலைவலித்ததாம். லவுட்டர்ப்ருன்னன் வருவதற்குள் சரியாகிவிட்டது. இன்னொரு விஷயம், மேலே மேகம் மூடியிருந்தால் வெள்ளைச் சுவரைத்தான் பார்க்கலாம். மலை உச்சியில் கேமரா வைத்து அந்த நிமிஷத்துப் படத்தை ஸ்டேஷனிலும் ஸெல்போனிலும் காட்டுகிறார்கள். அதைப் பார்த்த பிறகே டிக்கெட் வாங்குங்கள்.

வயதானவர்களுக்கு நான் சிபாரிசு செய்வது ரிகி மலை. உச்சி 1,798 மீட்டர்தான். லூசெர்னில் படகு ஏறி, ஏரியில் ஒரு மணி நேரம் மிதந்து, ஃபிட்ஸ்நவு என்ற ஊரில் இறங்கினால் எதிரிலேயே சிவப்பு மலை ரயில். அரை மணியில் உச்சி ஸ்டேஷன். நிக்லவுஸ் ரிக்கன்பாக் என்பவர் 1871ல் ஓடவிட்டது. ஐரோப்பாவின் முதல் மலை ரயில். தண்டவாளத்தின் நடுவே ஏணி மாதிரி ஓர் இரும்புச் சட்டம். வண்டிக்கு அடியில் உள்ள பல்சக்கரம் அதன் படிகளைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது.

கேட்டமாதிரி இருக்கிறதா? இதே ரிக்கன்பாக் 1882ல் நம் நீலகிரிக்கே வந்து, மலை ரயிலுக்குத் திட்டம் கொடுத்திருக்கிறார்! அது அப்போது நடக்கவில்லை. பிறகு ரோமன் அப்ட் என்ற இன்னொரு ஸ்விஸ்காரர் கண்டுபிடித்த பல்சட்டத்தை வைத்து, 1899ல் மேட்டுப்பாளையம்-குன்னூர் ரயில் ஓடியது. பின்னாளில் அதை இழுத்த பழைய நீராவி எஞ்சின்கள் ஸ்விட்ஸர்லாந்தின் விண்டர்தூர் நகரில் செய்தவை. ரிகி வண்டியில் இதை நான் சொன்னதும் அத்தைக்கு ஒரே பெருமை. 'எங்கூரு ரயிலு' என்று எதிர் ஸீட்டு வெள்ளைக்காரப் பாட்டிக்குத் தமிழிலேயே விளக்கினார்கள். அந்தப் பாட்டியும் ஜெர்மனில் ஏதோ பதில் சொல்ல, உச்சி வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டே வந்தார்கள்! ஊர் திரும்பி, அந்த டிசம்பரில் அத்தையைக் குன்னூர் வரை ரயிலில் கூட்டிப் போனோம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

கோட்டார்ட் பாதையும் உட்கார்ந்தே பார்க்கிற பயணம். 1882ல் திறந்த பழைய மலைப்பாதையில் வாஸன் என்ற கிராமத்துக் கோயில், வெள்ளைச் சுவரும் கூர் கோபுரமுமாக, மூன்று தடவை தெரியும். முதலில் தலைக்கு மேலே, அப்புறம் எதிரே, அப்புறம் காலுக்குக் கீழே! மலைக்குள் வண்டி சுருள் சுருளாகச் சுற்றி ஏறுவதால் இந்த மாயம். அந்தப் பதினைந்து கிலோமீட்டர் சுரங்கம் வெட்டும்போது சுமார் இருநூறு தொழிலாளிகள் உயிர் விட்டார்கள். வேலையை ஏற்ற லூயி ஃபாவ்ரும் 1879ல் சுரங்கத்துக்குள்ளேயே விழுந்து இறந்துபோனார். திரும்பும்போது 2016ல் திறந்த புதுச் சுரங்கம் வழியாக வந்தோம். 57 கிலோமீட்டர், உலகத்திலேயே நீளமான ரயில் சுரங்கம், இருபது நிமிஷ இருட்டு. அத்தை ஒரு தூக்கம் போட்டு எழுந்தார்கள்.

இத்தாலி எல்லை வரை போகும் பெர்னினா ரயில் ரொம்பப் பிரசித்தம். ஆனால் கூர் நகரிலிருந்தே நாலு மணி நேரப் பாதை. பெர்னிலிருந்து ஒரே நாளில் போய் வருவது குழந்தை குட்டிகளுக்கு ஆகாது. நாங்கள் விட்டுவிட்டோம். போக ஆசைப்படுகிறவர்கள் கூரில் ஒரு ராத்திரி தங்குங்கள்.

மூன்றாம் வாரம் ஒரு நாள் நான் மட்டும் தனியாகப் போனேன். நாற்பத்தாறு வயசில் நான் தனியாக ரயில் ஏறியது அதுதான் முதல் தடவை. நான் படித்தது பள்ளிக்கூடம் வரைதான். ஜெர்மன் ஓர் எழுத்துத் தெரியாது. இவர், "தனியா போயிடுவியா?" என்று பத்துத் தடவை கேட்டார். தைரியம் சொன்னது பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண். 1980களில் சண்டைக்குத் தப்பி அகதிகளாக வந்து அங்கே வேரூன்றிய இலங்கைத் தமிழர்கள் பெர்னில் நிறையப் பேர். "பயப்படாமல் போங்கோ அக்கா. ரெயினைத் தவறவிட்டாலும் அடுத்த மணித்தியாலம் இன்னொண்டு வரும்" என்றாள். மூன்று வார்த்தையும் எழுதிக் கொடுத்தாள்: 'ஆப்ஃபார்ட்' என்றால் புறப்பாடு, 'கிளைஸ்' என்றால் பிளாட்பாரம், 'அவுஸ்காங்' என்றால் வெளியே போகிற வழி. இந்த மூன்று போதும், சகோதரிகளே!

நான் போனது அப்பென்ஸெல். கோஸவு ஸ்டேஷனில் இறங்கிச் சின்ன ரயில் மாற வேண்டும். மூன்று மணிக்குள் போய்விடலாம். சித்திரம் வரைந்த மர வீடுகள், கையால் செய்த எம்பிராய்டரி. ஊர் நடுவே ஒரு மைதானம். வருஷா வருஷம் ஏப்ரல் கடைசி ஞாயிறு மக்கள் அங்கே கூடி, கையைத் தூக்கி ஓட்டுப் போடுவார்கள். ஆண்களுக்கு ஓட்டுச் சீட்டு, இடுப்பில் செருகிய பரம்பரைக் கத்தி! பெண்களுக்கு? ஸ்விட்ஸர்லாந்து முழுமைக்கும் பெண்கள் ஓட்டுரிமை பெற்றதே 1971ல். இந்த மாநிலத்து ஆண்களோ 1990 ஏப்ரலில்கூட இதே மைதானத்தில் நின்று, தங்கள் மாநில ஓட்டுப் பெண்களுக்குக் கிடையாது என்று கைதூக்கினார்கள். அந்த நவம்பரில் நாட்டின் உச்ச நீதிமன்றம் தலையிட்டு, 'கொடுத்தே ஆக வேண்டும்' என்றது. 1991ல்தான் பெண்கள் அந்த மைதானத்தில் முதல் தடவையாகக் கைதூக்கினார்கள். நம் சென்னை மாகாணத்தில் 1921லேயே, சொத்துள்ள பெண்களுக்கு மட்டுமானாலும், ஓட்டு இருந்தது! கடிகாரத்தில் நம்மைவிட முந்தியவர்கள் இதில் எவ்வளவு பிந்தியிருக்கிறார்கள் பாருங்கள்.

அந்த மைதானத்து ஓரத்தில் உட்கார்ந்து சப்பாத்தி சாப்பிட்டேன். யாரும் என்னை 'யார் கூட வந்தீங்க' என்று கேட்கவில்லை.

வரும்போது அந்த ஊர்ச் சீஸ் ஒரு துண்டு வாங்கினேன். சைவர்கள் கவனியுங்கள்: இந்த மாதிரிப் பழைய வகைச் சீஸ்களில் பாலை உறைய வைக்கக் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் பொருளைச் சேர்க்கிறார்கள். ஆகவே கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் கறி சாப்பிடுவோம் என்பதால் அந்தக் கவலை இல்லை. ஆனால் வாசனை! ஏழு மணிக்கு வீட்டுக்குள் நுழைந்ததும் அத்தை மூக்கைப் பொத்திக்கொண்டு, "பிரயாணமெல்லாம் நல்லா இருந்துச்சா கண்ணு? அதை மொதல்ல பால்கனில வெச்சுட்டு வந்து சொல்லு" என்றார்கள்.